ஃபியூவல் பம்ப் மாற்றிய பிறகு முள் தவறாகக் காட்டுகிறதா? குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

பம்ப் மாற்றி முடித்தாயிற்று. சாவியைத் திருப்பியதும் வண்டி ஒழுங்காகக் கிளம்புகிறது, இழுவையும் திரும்பிவிட்டது. ஆனால் டேஷ்போர்டில் எரிபொருள் முள் மட்டும் காலியில் படுத்துக் கிடக்கிறது. அல்லது டேங்க்கில் பத்து லிட்டர்கூட இல்லாதபோது ஃபுல் காட்டுகிறது. வேலைக்கு முன்னால் சரியாக இருந்த முள் வேலைக்குப் பின்னால் கெட்டது என்றால், மீட்டர் அதே நாளில் தானாகச் செத்துப்போயிருக்க வாய்ப்பு குறைவு. கை வைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலும் பம்ப்பும், எரிபொருள் அளவைச் சொல்லும் லெவல் சென்சாரும் ஒரே மாட்யூலாக டேங்க்குக்குள் இருக்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் இந்தச் சென்சாரை டேங்க் யூனிட் என்றும் ப்ளோட் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் ஒரே கனெக்டர், பல வண்டிகளில் ஒரே எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி). பம்ப்பைத் தொட்டால் சென்சாரையும் தொட்டதாகத்தான் அர்த்தம்.

முள் வேலை செய்யவில்லை என்றதும் பலரும் உடனே டேங்க்கை மறுபடி திறந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். குறை டேங்க் கனெக்டருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதற்கு ஒரு மல்டிமீட்டரும் கால் மணி நேரமும் போதும். டேங்க்கை இறக்கி ஏற்றுவது அரை நாள் வேலை, பெட்ரோல் ஆவியோடு செய்கிற வேலை. காரணமில்லாமல் அதை இரண்டாவது முறை செய்யக்கூடாது.

சென்சார் என்ன செய்கிறது

ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பிக் கை, அந்தக் கையின் மறுமுனையில் ஒரு சிறிய தொடுமுனை. பீங்கான் தகட்டில் பதித்த மின்தடைப் பாதையின் மேல் இந்தத் தொடுமுனை தேய்த்தபடி நகர்கிறது. எரிபொருள் ஏறினால் மிதவை ஏறும், மின்தடை மாறும். அவ்வளவுதான்.

ஆனால் எந்தத் திசையில் மாறுகிறது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலிக்கு 0 ஓம் (மின்தடையின் அலகு), ஃபுல்லுக்கு 90 ஓம். அதே நிறுவனத்தின் பிற்கால வண்டிகள் பலவற்றில் காலிக்கு 40, ஃபுல்லுக்கு 250. பழைய ஃபோர்டு, கிறைஸ்லர் வண்டிகளில் தலைகீழ்: காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10. பின்னால் வந்த ஃபோர்டுகளில் காலிக்கு 16, ஃபுல்லுக்கு 158. ஐரோப்பிய மீட்டர்களில் 10 முதல் 180 வரை பரவலாக உண்டு. தனியாக விற்கும் பொது உபயோக மீட்டர்களில் காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33 என்பது வழக்கம். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இந்த இரண்டு எண்களையும் தேடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவை கையில் இல்லாமல் ஓம் பார்ப்பது அளவுகோலில் எண்களை அழித்துவிட்டு அளப்பது மாதிரி.

பழைய வண்டிகளில் சென்சார் வயர் நேராக மீட்டருக்குப் போகும். புதியவற்றில் அது முதலில் இன்ஜின் கம்ப்யூட்டருக்கோ பாடி கம்ப்யூட்டருக்கோ போகிறது. கம்ப்யூட்டர் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பெரும்பாலும் 5 வோல்ட் கொடுத்து, சென்சார் அதில் எவ்வளவை இழுத்து இறக்குகிறது என்று பார்த்து, அளவைக் கணக்கிட்டு டேட்டா லைன் வழியாக மீட்டருக்குச் சொல்கிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருங்கள். சோதிக்கும் முறை இதை வைத்துத்தான் மாறும்.

முள் சொல்லும் சேதி

அறிகுறியை ஒரு நாள் நிதானமாகக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முள் எப்போதும் ஒரே கோடியில் நிற்கிறது, அசைவே இல்லை என்றால் சர்க்யூட் அறுந்திருக்கிறது அல்லது எர்த்தோடு ஒட்டியிருக்கிறது. ஓம் கூடக்கூட ஃபுல் காட்டும் வண்டியில் வயர் அறுந்தால் முள் ஃபுல்லைத் தாண்டும், எர்த்தில் ஒட்டினால் காலிக்கு விழும். 73க்கு 10 போன்ற தலைகீழ் வண்டியில் இது அப்படியே மாறும். கம்ப்யூட்டர் வழி வண்டிகளில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். குறை என்று கம்ப்யூட்டர் உணர்ந்ததும் பல வண்டிகளில் அதுவே முள்ளைக் காலிக்கு இறக்கி, லோ ஃபியூவல் விளக்கையும் போட்டுவிடும்.

பாதி வரை சரியாக வந்து அதற்கு மேல் ஏறாமல் நின்றால் மிதவை எங்கோ இடிக்கிறது. முக்கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவே இல்லை என்றாலும் அதே கதைதான், இடிக்கும் இடம் மட்டும் வேறு. ஃபுல்லுக்குக் காலி, காலிக்கு ஃபுல் என்று தலைகீழாகக் காட்டினால் வந்திருப்பது வேறு ஓம் வரிசை சென்சார். எல்லா மட்டத்திலும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டினால் கம்பிக் கை வளைந்திருக்கலாம், அல்லது கனெக்டரில் தேவையில்லாத மின்தடை சேர்ந்திருக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது ஒரு அளவு, இன்ஜினை நிறுத்தி இக்னிஷனை மட்டும் போட்டால் வேறு அளவு என்று காட்டினால் நேரே எர்த்துக்குப் போங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் டேங்க்கைத் திறக்கும் கட்டம் வந்தால் திறந்த வெளியில் அல்லது நல்ல காற்றோட்டத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். தரையிலிருக்கும் ஹீட்டர், கம்ப்ரஸர், குண்டு பல்பு விளக்கு எதுவும் பக்கத்தில் ஓடக்கூடாது. பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

டேங்க்கில் கால் பங்குக்கும் குறைவாக எரிபொருள் இருக்கும்போது வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முள் பொய் சொல்லும் நேரத்தில் முள்ளை நம்பி அதைத் தீர்மானிக்க முடியாது. கடைசியாக எத்தனை லிட்டர் போட்டீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கருவிகள்: டிஜிட்டல் மல்டிமீட்டர், முடிந்தால் முள் உள்ள பழைய அனலாக் மீட்டரும்கூட. மெல்லிய டெஸ்ட் பின்கள். உங்கள் வண்டியின் காலி, நடு, ஃபுல் ஓம் மதிப்புகளுக்கு நெருக்கமான மூன்று ரெசிஸ்டர்கள். 5 வோல்ட் வண்டிகளுக்குக் கால் வாட் ரெசிஸ்டர் போதும், நேரடி மீட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு 5 வாட் வாங்குங்கள், இல்லையென்றால் சுட்டுவிடும். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்து லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் இருந்தால் வேலை மிக எளிதாகும்.

படி 1: ஸ்பேனரை எடுக்காமல் பார்க்க வேண்டியவை

பம்ப் மாற்றும்போது பேட்டரி கழற்றப்பட்டிருக்கும். சில வண்டிகளில் கம்ப்யூட்டர் மிதவையின் ஆட்டத்தை மட்டுப்படுத்த மிக மெதுவாகத்தான் முள்ளை நகர்த்தும். இக்னிஷன் போட்டபடியே எரிபொருள் ஊற்றினால் சில வண்டிகளில் முள் நெடுநேரம் பழைய இடத்திலேயே நிற்கும். எனவே சாவியை அணைத்து, ஓரிரு நிமிடம் விட்டு, மறுபடி இக்னிஷன் போட்டுப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சரிவில் நின்றபடி அளப்பதில் பயனில்லை.

மீட்டர் ஃபியூஸைப் பாருங்கள். மற்ற முட்கள், குறிப்பாக டெம்பரேச்சர் முள், ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருப்பதால், இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால் டேங்க்கை விட்டுவிட்டு டேஷ்போர்டுக்குப் போக வேண்டியதுதான். பல புதிய வண்டிகளில் மீட்டருக்கு ஒரு சுயசோதனை உண்டு, எல்லா முட்களும் கோடியிலிருந்து கோடிக்கு ஒரு முறை போய் வரும். எரிபொருள் முள் அதில் சீராக ஓடினால் மீட்டர் நன்றாக இருக்கிறது.

ஸ்கேனரில் குறைக் குறியீடுகளை (ஃபால்ட் கோட்) பாருங்கள். பி0460 பொதுவான சர்க்யூட் குறை. பி0461 அளவு நம்பத்தக்கதாக இல்லை என்பது. வண்டி பல கிலோமீட்டர் ஓடியும் அளவு குறையவே இல்லை என்றால் வருவது இதுதான், மிதவை சிக்கியிருப்பதற்கு நல்ல அடையாளம். பி0462 சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு, வயர் எர்த்தோடு ஒட்டியிருக்கும். பி0463 வோல்டேஜ் மிக அதிகம், வயரோ எர்த்தோ அறுந்திருக்கும் அல்லது கனெக்டர் சேரவில்லை. பி0464 விட்டுவிட்டு வரும் குறை. இரண்டு சென்சார் உள்ள வண்டிகளில் இரண்டாவதுக்கு பி2065 முதல் பி2068 வரை வரும்.

பிறகு லைவ் டேட்டாவில் எரிபொருள் அளவு சதவீதத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் 45 சதவீதம் என்று சரியாகச் சொல்லி முள் காலி காட்டினால் டேங்க் பக்கம் போகவே வேண்டாம், குறை மீட்டரிலோ அதற்குப் போகும் டேட்டா லைனிலோ இருக்கிறது. கம்ப்யூட்டரே தவறான எண் சொன்னால் அடுத்த படி.

படி 2: கனெக்டரில் பிரித்துப் பார்ப்பது

இந்த வழிகாட்டியின் மையமே இந்தப் படிதான், மெதுவாகச் செய்யுங்கள்.

டேங்க் கனெக்டரைக் கண்டுபிடியுங்கள். பின் சீட்டுக்கு அடியில் மூடியைத் திறந்தால் இருக்கலாம், அல்லது வண்டிக்கு அடியில் டேங்க் ஓரமாகத் தொங்கும். இக்னிஷனை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். பெரும்பாலும் நான்கு பின். தடித்த வயர் இரண்டும் பம்ப்புக்கானவை, மெல்லிய இரண்டும் சென்சார் சிக்னலும் சென்சார் எர்த்தும். சிலவற்றில் மூன்று பின்தான் இருக்கும், எர்த் பொதுவாக இருக்கும். சிலவற்றில் டேங்க் அழுத்த சென்சார் வயர்களும் சேர்ந்திருக்கும். வயரிங் படத்தை வைத்து ஒவ்வொரு பின்னையும் உறுதிசெய்யுங்கள். புதிய மாட்யூலின் வயர் நிறம் வண்டியின் வயர் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே கணக்கு, நிறம் அல்ல.

கழற்றிய கையோடு பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். கருகல், பச்சைப் பூச்சு, உள்ளே பின்வாங்கிய டெர்மினல், வளைந்த பின். பம்ப் பழுதான வண்டிகளில் கனெக்டரும் சூடேறி உருகியிருப்பது வழக்கம். அதனால்தான் பல புதிய மாட்யூல்களோடு ஒரு புதிய கனெக்டரும் வயரும் சேர்த்துத் தருகிறார்கள். அதைப் போட்டு இணைத்தவர் சென்சார் வயர்களை ஒழுங்காக இணைக்காமல் விட்டிருந்தால் பம்ப் பழுதில்லாமல் ஓடும், முள் மட்டும் செத்துக் கிடக்கும்.

இப்போது வண்டிப் பக்கக் கனெக்டரில், இக்னிஷன் போட்டு, சிக்னல் பின்னுக்கும் சென்சார் எர்த் பின்னுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். கம்ப்யூட்டர் வழி வண்டியில் 5 வோல்ட்டுக்கு நெருக்கமாக வர வேண்டும். வரவில்லையென்றால் கருப்பு முனையை வண்டியின் பாடியில் வைத்து மறுபடி பாருங்கள். பாடியில் வைத்தால் 5 வருகிறது, எர்த் பின்னில் வைத்தால் வரவில்லை என்றால் சென்சார் எர்த் வயர் அறுந்திருக்கிறது. இரண்டிலும் இல்லையென்றால் சிக்னல் வயர் கம்ப்யூட்டருக்கும் டேங்க்குக்கும் நடுவில் அறுந்திருக்கலாம் அல்லது எர்த்தோடு ஒட்டியிருக்கலாம். பழைய நேரடி மீட்டர்களில் இங்கே பேட்டரி வோல்டேஜோ, ஸ்டெபிலைசர் இருந்தால் துடித்துத் துடித்து மாறும் வோல்டேஜோ வரும்.

அடுத்து ரெசிஸ்டர் சோதனை. வண்டிப் பக்க சிக்னல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே காலி மதிப்புள்ள ரெசிஸ்டரை மாட்டுங்கள், சாவியை அணைத்துப் போட்டு, முள் நிலைக்கு வர ஓரிரு நிமிடம் கொடுங்கள். பிறகு நடு மதிப்பு, பிறகு ஃபுல். உதாரணமாக 40க்கு 250 வண்டியில் 39, 150, 240 ஓம் ரெசிஸ்டர்கள் போதும். முள்ளோ ஸ்கேனரோ மூன்றுக்கும் சரியாகக் காலி, நடு, ஃபுல் என்று போனால் வயரிங், கம்ப்யூட்டர், மீட்டர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. குறை கனெக்டருக்கு அந்தப் பக்கம், டேங்க்குக்குள். சரியாகப் போகவில்லை என்றால் டேங்க்கைத் தொடவே வேண்டாம்.

சிக்னல் வயரை நேரே எர்த்தில் தொட்டுப் பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. அதனால் ஒரு கோடியின் விடை மட்டும்தான் கிடைக்கும், நடுவில் எப்படி என்று தெரியாது. பழைய வெப்ப மீட்டர்களில் நெடுநேரம் பிடித்திருந்தால் மீட்டரே கருகிவிடும். ரெசிஸ்டர் முறையே பாதுகாப்பானது. எந்த நிலையிலும் சிக்னல் வயரில் 12 வோல்ட் கொடுக்கக்கூடாது. டெஸ்ட் லாம்ப்பையும் அதில் மாட்டாதீர்கள்.

படி 3: டேங்க் பக்கத்தை மூடியபடியே அளப்பது

இக்னிஷனை அணையுங்கள். கழற்றிய கனெக்டரின் டேங்க் பக்கத்தில் சென்சாரின் இரண்டு பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். வரும் எண்ணை மேனுவல் எண்களோடும், டேங்க்கில் உண்மையில் இருக்கும் எரிபொருளோடும் ஒப்பிடுங்கள்.

எல்லையில்லாத ஓம் வந்தால் உள்ளே அறுந்திருக்கிறது. மேனுவல் வரம்புக்கு வெளியே ஒரு எண் வந்தால், உதாரணமாக 0 முதல் 90 வரை வர வேண்டிய வண்டியில் 180 வந்தால், தவறான பாகம் வந்திருக்கிறது. வரம்புக்குள் ஒரு எண் வந்து, அது எரிபொருள் அளவோடு ஒத்துப்போகவில்லை என்றால் மிதவை சிக்கியிருக்கிறது. மல்டிமீட்டரை மாட்டியபடியே வண்டியின் பின்பகுதியைக் கையால் குலுக்குங்கள். எரிபொருள் அலையும்போது எண்ணும் அலைய வேண்டும். கல் மாதிரி அசையாமல் நின்றால் மிதவை நகரவில்லை என்பது உறுதி. தெரிந்த அளவு, ஒரு 10 லிட்டர் ஊற்றி ஓம் மாறுகிறதா என்று பார்ப்பது இதைவிட நம்பகமான வழி.

படி 4: எர்த்

பம்ப் மாற்றிய வேலைகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான். சென்சார் வழியாக ஓடும் கரண்ட் மிகச் சிறியது. பம்ப் இழுப்பதோ பல ஆம்பியர். இரண்டும் ஒரே எர்த் வயரில் திரும்பினால், பம்ப் கரண்ட் அந்த வயரில் உண்டாக்கும் வோல்டேஜ் சென்சார் சிக்னலிலும் ஏறிக்கொள்ளும். எர்த் இணைப்பில் வெறும் 0.1 ஓம் இருந்து, பம்ப் 6 ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட். 5 வோல்ட்டை வைத்து அளக்கும் கம்ப்யூட்டருக்கு இது பெரிய பொய். பம்ப்புக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது, அது ஓடிக்கொண்டே இருக்கும்.

சோதனை: கனெக்டரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, எர்த் வயரில் பின்பக்கமாக டெஸ்ட் பின்னைச் செருகி, அங்கிருந்து பேட்டரி மைனஸுக்கு வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2ஐத் தாண்டினால் எர்த்தைத் தேடிச் சுத்தம் செய்ய வேண்டும். எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டும் துருவும் போகத் தேய்த்து, இறுக்கிவிட்டு, மேலே துருப்பிடிக்காமல் காக்கும் கிரீஸ் பூசுங்கள். இரும்பு டேங்க் உள்ள பழைய வண்டிகளில் டேங்க்கின் உடலே எர்த்தாக இருக்கும். டேங்க்கை இறக்கி ஏற்றும்போது அந்த எர்த் வயரை மாட்ட மறந்திருக்கலாம், அல்லது புதுப் பெயிண்ட் அடித்த இடத்தில் மாட்டியிருக்கலாம்.

கனெக்டரில் சேரும் மின்தடையையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். 0க்கு 90 வண்டியில் ஒரு டெர்மினலில் 10 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால் டேங்க் வறண்டபோதும் முள் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு இருப்பதாகக் காட்டும். ஓட்டுபவர் அதை நம்பி நடுச்சாலையில் நின்றுவிடுவார்.

படி 5: டேங்க்கைத் திறந்த பிறகு

மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் உள்ளே கைகாட்டினால் மட்டும் திறக்க வேண்டும். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு லைன் அழுத்தத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். மாட்யூலைச் சுற்றியுள்ள மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, லாக் ரிங்கை (மாட்யூலை டேங்க்கோடு பூட்டும் வளையம்) அதற்கான கருவியாலோ பித்தளை உளியாலோ தளர்த்துங்கள். இரும்பு உளியும் சுத்தியலும் தீப்பொறி விடும். மாட்யூலைத் தூக்கும் முன் அது எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று மார்க்கரால் குறித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறையே அந்தத் திசையாக இருக்கலாம்.

தூக்கும்போது நேராக இழுக்காமல் சாய்த்து, மிதவைக் கையை ஓட்டை வழியாக நெளித்து எடுங்கள். கம்பி வளைவது பெரும்பாலும் உள்ளே இறக்கும்போதும் வெளியே எடுக்கும்போதும்தான்.

வெளியே வந்ததும் முதலில் பாருங்கள்: மிதவையைப் பிடித்து வைக்கும் பேக்கிங் கிளிப், டேப் அல்லது கேபிள் டை இன்னும் இருக்கிறதா? புதிய மாட்யூல் பெட்டியில் மிதவை ஆடாமல் இருக்க இதைப் போட்டு அனுப்புவது உண்டு. எடுக்க மறந்தால் முள் ஒரே இடத்தில் நிற்பதில் வியப்பில்லை.

முழு மாட்யூலை மாற்றாமல் பம்ப் மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால், மாட்யூல் மூடிக்கு அடியில் இருக்கும் சென்சாரின் சின்ன கனெக்டரைத் தேடுங்கள். பம்ப்பின் கனெக்டரை மாட்டிவிட்டு இதை மறப்பதும், பாதி மட்டும் செருகி விடுவதும் அடிக்கடி நடக்கிறது. பம்ப்பின் வயரோ ஹோஸோ மிதவைக் கையின் பாதையில் வந்து தடுக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஹோஸைவிடப் புதியது இரண்டு விரல் நீளமாக இருந்தாலே போதும், மிதவை அதன் மேல் உட்கார்ந்துவிடும். உள்ளே போடும் ஹோஸ் எரிபொருளில் மூழ்கி இருக்கத்தக்க எஸ்ஏஇ ஜே30ஆர்10 ரகமாக இருக்க வேண்டும். சாதாரண ஃபியூவல் ஹோஸ் வெளிப்பக்கம் எரிபொருளில் ஊறி உப்பிப் போகும். வயர் இணைப்புகளில் இன்சுலேஷன் டேப்பும் சாதாரண ஸ்லீவும் கரைந்து கழன்றுவிடும்.

இப்போது ஓட்டச் சோதனை. மாட்யூலை எரிபொருளிலிருந்து தள்ளி, துணியில் துடைத்து, மேஜையில் நிறுத்தி வைத்து மல்டிமீட்டரை மாட்டுங்கள். மிதவையைக் கீழிருந்து மேலே மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் குதிக்காமல், அறுபடாமல் ஒரே சீராக மாற வேண்டும். டிஜிட்டல் மீட்டர் கணநேர அறுபடலைத் தவறவிடும். அனலாக் மீட்டரில் முள் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும், அதனால்தான் அதைக் கேட்டேன். கீழ்க்கோடியிலும் மேல்க்கோடியிலும் வரும் எண்களை மேனுவலோடு ஒப்பிடுங்கள். பழைய சென்சாரையே திரும்பப் போட்டிருந்தால் பாதை நடுவில் தேய்ந்திருக்கலாம், வெள்ளித் தொடுமுனைகள் எரிபொருளில் உள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்திருக்கலாம். அப்படி இருந்தால் சென்சாரை மாற்றுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்தால் அந்த மெல்லிய பாதை இன்னும் சீக்கிரம் போய்விடும்.

மிதவையைக் காதருகில் குலுக்குங்கள். உள்ளே சளக் என்று சத்தம் வந்தால் எரிபொருள் புகுந்திருக்கிறது, அது மூழ்கித்தான் கிடக்கும்.

மாட்யூலின் உயரம் பலருக்குத் தெரியாத விஷயம். பல மாட்யூல்கள் இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்த கம்பிகளில் வழுக்கி நகரும்படி செய்யப்பட்டவை. ஸ்பிரிங் கீழ்த்துண்டை டேங்க்கின் அடித்தளத்தோடு அழுத்தி வைத்திருக்கும். சென்சார் அந்தக் கீழ்த்துண்டில்தான் இருக்கிறது, அதாவது அளவு டேங்க்கின் தரையிலிருந்து எடுக்கப்படுகிறது. கம்பியில் துண்டு சிக்கிக்கொண்டாலோ, டேங்க்கின் அடி ஜாக் வைத்து நசுங்கியிருந்தாலோ எல்லா அளவும் தவறாகும். கையால் அழுத்திவிட்டுப் பாருங்கள், தடையில்லாமல் திரும்ப எழ வேண்டும்.

கம்பிக் கை வளைந்திருந்தால் பழைய மாட்யூலின் பக்கத்தில் வைத்து வடிவத்தை ஒப்பிடுங்கள். நிமிர்த்தும்போது இரண்டு பிளையரால் பிடித்து, தொடுமுனைப் பக்கம் விசை போகாமல் வளைக்க வேண்டும். மிதவைப் பக்கத்தை மட்டும் பிடித்து முறுக்கினால் பாதையிலிருந்து தொடுமுனை எழும்பிவிடும்.

வந்த பாகமே தவறு என்றால்

ஒரே மாடல் வண்டிக்கு ஆண்டுக்கு ஆண்டு, டேங்க் அளவுக்கு டேங்க் அளவு வேறு மாட்யூல் உண்டு. பம்ப்பும் அழுத்தமும் ஒன்றாக இருக்கலாம், சென்சார் வேறாக இருக்கும். 40க்கு 250 சென்சாரை 0க்கு 90 மீட்டரில் மாட்டினால் காலி டேங்க்கிலேயே முள் ஏறக்குறைய பாதியில் நிற்கும், பாதி நிரம்பும் முன்பே ஃபுல்லைத் தாண்டிவிடும். 0க்கு 90 சென்சாரை 73க்கு 10 மீட்டரில் மாட்டினால் எல்லாம் தலைகீழ். இதைக் கம்பி வளைத்தோ, வயரில் ரெசிஸ்டர் சேர்த்தோ முழு வரம்புக்கும் சரிசெய்ய முடியாது. பழைய சென்சார் நன்றாக இருந்து, அதே வடிவமாகவும் இருந்தால் அதைப் புதிய மாட்யூலுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள். பழைய மாட்யூலை அதுவரை தூக்கி எறியாதீர்கள்.

இரட்டை அறை டேங்க்

நடுவில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போகும் வண்டிகளில் டேங்க் குதிரைச் சேணம் போல இரண்டு பக்கமும் தொங்கும். பம்ப் ஒரு பக்கம், மறுபக்கத்தில் தனியாக ஒரு சென்சார், கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும். பம்ப் திருப்பி அனுப்பும் எரிபொருளின் ஓட்டத்தால் இயங்கும் ஜெட் பம்ப் ஒன்று, மறுபக்க எரிபொருளை உறிஞ்சி இந்தப் பக்கம் கொண்டுவரும். பம்ப் மாற்றும்போது அந்தக் குழாயை மாட்ட மறந்தால் மறுபக்கம் அப்படியே நிற்கும். முள் பாதிக்குக் கீழே இறங்காது, வண்டியோ எரிபொருள் தீர்ந்து நின்றுவிடும். இங்கே முள் பொய் சொல்லவில்லை. எரிபொருள் உண்மையிலேயே உள்ளேதான் இருக்கிறது, பம்ப்புக்கு எட்டவில்லை. இரண்டு பக்க சென்சார்களின் அளவையும் ஸ்கேனரில் தனித்தனியாகப் பார்த்தால் இது உடனே புலப்படும்.

திரும்பப் பொருத்துவதும் அளவு சரிபார்ப்பதும்

புதிய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போடுங்கள். பழையது உப்பியிருக்கும், பள்ளத்தில் உட்காராது. மாட்யூலின் மேலுள்ள அம்புக்குறியை டேங்க்கின் குறியோடு நேராக்குங்கள். பத்துப் பதினைந்து டிகிரி திரும்பினாலே மிதவை டேங்க்கின் தடுப்புச் சுவரிலோ பக்கச் சுவரிலோ இடிக்கலாம். லாக் ரிங்கை இறுக்கும்போது மாட்யூல் கூடவே சுழல முயலும், ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பிறகு அம்புக்குறியை மறுபடி பாருங்கள். மேலே எல்லாவற்றையும் மூடும் முன் கனெக்டரில் ஒரு முறை ஓம் அளந்துவிடுங்கள்.

பேட்டரியை மாட்டி, குறைக் குறியீடுகளை அழித்து, இக்னிஷனை இரண்டு மூன்று முறை போட்டு அணைத்து அழுத்தம் ஏற்றி, கசிவு பாருங்கள். பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சாவியை அணைத்து ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, முள்ளின் இடத்தையும் ஸ்கேனர் சதவீதத்தையும் எழுதுங்கள். 50 லிட்டர் டேங்க்கில் ஐந்து லிட்டர் என்பது ஏறக்குறைய 10 சதவீதம். டேங்க்கின் வடிவம் ஒழுங்கற்றது என்பதால் சதவீதம் அச்சாகப் பொருந்தாது. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஏற வேண்டும், எங்கும் நின்றுவிடக்கூடாது. காலிக் கோட்டைச் சோதிக்க வண்டி நிற்கும் வரை ஓட்டாதீர்கள், எரிபொருள்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது.

முள் சரியான பிறகும் எச்சரிக்கை விளக்கை நான்கைந்து நாள் கவனியுங்கள். பி0461 ஓடிய தூரத்தை வைத்து வருவதால் முதல் நாளிலேயே தலைகாட்டாது. ஆவிக் கசிவுச் சோதனையைப் பல வண்டிகளின் கம்ப்யூட்டர் டேங்க் சுமார் 15 முதல் 85 சதவீதம் வரை இருக்கும்போது மட்டுமே நடத்தும். லெவல் சிக்னல் தவறாக இருந்த நாட்களில் அந்தச் சோதனை ஓடியிருக்காது, எனவே புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் பாதி டேங்க் வைத்துச் சில நாள் ஓட்டி, அது முடிந்துவிட்டதா என்று ஸ்கேனரில் பார்த்துக்கொள்ளுங்கள்.